ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டுவிட்டு வந்தால் போதுமா? கிரீன் கார்டும் நீண்ட வெளிநாட்டுப் பயணமும்

“ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய்த் தொட்டுட்டு வந்துட்டா போதும், கார்டுக்கு ஒண்ணும் ஆகாது.” அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். அக்கறையோடு சொல்லப்படும் யோசனைதான். ஆனால் இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம்பியவர்கள்தான் விமான நிலையத்தில் அதிகாரி கேட்கும் முதல் கேள்விக்கே திணறிப்போகிறார்கள். அமெரிக்க நிரந்தர வசிப்புரிமை உள்ள ஒருவர் பல மாதங்கள் வெளிநாட்டில் தங்க நேர்ந்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் கார்டு எதற்கானது என்பது தெளிவாக வேண்டும். விசா என்பது வந்துபோக அனுமதி. கிரீன் கார்டு என்பது “இவர் இங்கே குடியிருப்பவர்” என்பதற்கான அத்தாட்சி. குடியிருப்பவர் வெளியூர் போகலாம், வரலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் வீடு அமெரிக்காவில் இருக்க வேண்டும், பயணம் தற்காலிகமாக இருக்க வேண்டும். கைவிடாத வசிப்பிடத்துக்குத் தற்காலிகப் பயணம் முடிந்து திரும்புகிறவர் என்பதுதான் சட்டத்தின் பார்வை. ஆறு மாதம், ஒரு வருடம் என்ற கணக்கெல்லாம் இதற்கு அப்புறம் வருபவை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய வழக்கு நன்றாக உதவும். குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1975-இல் தீர்ப்பளித்த ஒன்று. ஜமைக்காவைச் சேர்ந்த ஒரு பெண்மணிக்கு அமெரிக்க நிரந்தர வசிப்புரிமை இருந்தது. அவர் ஜமைக்காவில் தங்கும் விடுதி ஒன்றை நடத்திவந்தார். வருடத்தில் ஏறக்குறைய பதினோரு மாதம் அங்கே, ஒரு மாதம் அமெரிக்காவில். ஒருமுறைகூட ஒரு வருடத்தைத் தாண்டவில்லை. “தொட்டுவிட்டு வருவது” என்பதை ஒழுங்காகச் செய்தவர்தான். ஆனாலும் அவருடைய உண்மையான வீடு ஜமைக்காவில்தான் இருக்கிறது, அமெரிக்க வசிப்பை அவர் கைவிட்டுவிட்டார் என்று வாரியம் முடிவு செய்தது. அந்தத் தீர்ப்பில் பார்க்கப்பட்டவை இன்றைக்கும் பார்க்கப்படுகின்றன: எதற்காகப் போனார், எப்போது முடியும் என்று தெரிந்து போனாரா, அவருடைய வீடும் வேலையும் எங்கே இருக்கின்றன.

1986-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் “தற்காலிகம்” என்ற சொல்லை இன்னும் விளக்கியது. பயணம் குறுகிய காலத்துக்கு என்று முன்பே வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால், விரைவில் நடக்கக்கூடிய ஏதோ ஒரு நிகழ்வோடு அது முடிவதாக இருக்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து குணமாவது, வீட்டை விற்றுப் பத்திரம் முடிப்பது, மகளின் பிரசவம், இரண்டு வருடப் படிப்பு எல்லாம் இப்படி முடிவு உள்ள காரணங்கள். “பார்க்கலாம், எப்போது தோன்றுகிறதோ அப்போது திரும்புவோம்” என்பதில் முடிவு எதுவும் இல்லை.

இரண்டு அம்மாக்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நியூஜெர்சியில் மகள் வீட்டில் தனக்கென்று ஓர் அறையோடு இருப்பவர். அங்கேயே வங்கிக் கணக்கு, அங்கேயே மருத்துவர், வருடா வருடம் வரிக் கணக்கு. ஊரில் தங்கைக்குப் பக்கவாதம் வந்ததால் பார்த்துக்கொள்ளப் போனார், எட்டு மாதம் ஆகிவிட்டது. இன்னொருவர் ஊரில் சொந்த வீட்டில் இருக்கிறார், வருடத்தில் இரண்டு முறை மூன்று வாரம் பேரனைப் பார்க்க வருகிறார். அமெரிக்காவுக்கு வெளியே இருந்த எந்த இடைவெளியும் ஆறு மாதத்தைத் தாண்டவில்லை. நாள் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டாமவர்தான் பாதுகாப்பானவர். சட்டத்தின் கேள்வியை வைத்துப் பார்த்தால் முதலாமவரின் நிலைதான் உறுதியானது. எட்டு மாதம் இருந்ததற்காக அவரிடம் கேள்வி கேட்பார்கள். ஆனால் பதில் சொல்ல அவரிடம் விஷயம் இருக்கிறது.

நாள் கணக்கு எங்கே வருகிறது?

அப்படியானால் ஆறு மாதம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கும் அடிப்படை இருக்கிறது. தொடர்ந்து 180 நாள் வரை வெளியே இருந்து திரும்பும் நிரந்தர வசிப்பாளரை, புதிதாக உள்ளே அனுமதி கேட்பவராகச் சட்டம் பொதுவாக நடத்துவதில்லை. 180 நாளைத் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். புதிதாக வருபவரிடம் பார்ப்பதுபோல எல்லாவற்றையும் பார்க்க அதிகாரிக்கு இடம் கிடைக்கிறது. பழைய குற்ற வழக்கு ஏதாவது இருப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். அவர்கள் நீண்ட பயணத்துக்கு மட்டுமில்லை, எந்தப் பயணத்துக்கு முன்னும் வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்த எல்லைக்கோடு ஒரு வருடம். கிரீன் கார்டை நுழைவு ஆவணமாகப் பயன்படுத்தக்கூடியது ஒரு வருடத்துக்குக் குறைந்த பயணத்துக்கு மட்டும்தான். கார்டின் மேல் இன்னும் ஆறு வருடம் செல்லும் என்று அச்சிட்டிருந்தாலும், ஒரு வருடம் தாண்டியபின் அதை மட்டும் காட்டி விமானம் ஏற முடியும் என்று நம்பிக் கிளம்பக் கூடாது. ஏற்ற மறுக்க விமான நிறுவனத்துக்குக் காரணம் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு குழப்பமும் உண்டு. பத்து வருடக் கார்டின் தேதி முடிந்துவிட்டால் வசிப்புரிமையே முடிந்துவிட்டது என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. பழையதாகிப்போவது அட்டை மட்டும்தான், உரிமை தொடர்கிறது. புதுப்பித்தால் சரி. ஆனால் திருமணத்தின் மூலம் இரண்டு வருட நிபந்தனைக் கார்டு வாங்கியவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கார்டு முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கும்படி ஐ-751 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டில் இருந்தேன், மறந்துவிட்டேன் என்றால் அட்டையோடு உரிமையும் முடிந்துபோகும்.

ரீ-என்ட்ரி பெர்மிட்

ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருக்கப் போகிறோம் என்று முன்பே தெரிந்தால், செய்ய வேண்டியது ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்குவது. மறுநுழைவு அனுமதி என்று சொல்லலாம். பாஸ்போர்ட் மாதிரியே சிறு புத்தகமாக வரும். ஐ-131 என்ற படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக இரண்டு வருடம் செல்லும். அது செல்லுபடியாகும் காலத்தில், நீண்ட நாள் வெளியே இருந்தார் என்ற ஒரே காரணத்தை வைத்து ஒருவர் வசிப்பைக் கைவிட்டார் என்று சொல்ல முடியாது. இதுதான் அதன் பெரிய பலன். அந்த “ஒரே காரணத்தை” என்ற சொல்லைக் கவனியுங்கள். வேறு காரணங்கள் இருந்தால், அதாவது அமெரிக்க வீட்டைக் காலி செய்துவிட்டு, வேறு நாட்டில் நிரந்தர வேலையில் சேர்ந்து, வரியையும் கட்டாமல் இருந்தால், பெர்மிட் கையில் இருந்தும் கேள்வி எழும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது நீங்கள் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். ஊருக்கு வந்து பத்து மாதம் ஆனபின், “இங்கிருந்தே போட்டுவிடலாமா?” என்று கேட்டால் முடியாது என்பதுதான் பதில். பிள்ளைகள் அங்கிருந்து உங்கள் பெயரில் அனுப்பினாலும் செல்லாது. விண்ணப்பித்த பிறகு கைரேகைக்கு அழைப்பு வரும். அதை அமெரிக்காவில் இருந்து கொடுத்துவிட்டுக் கிளம்புவதுதான் சரியான முறை. கைரேகை முடிந்தபின் பெர்மிட் கையில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ பெற்றுக்கொள்கிறேன் என்று படிவத்திலேயே குறிப்பிட வழி இருக்கிறது. ஆகவே டிக்கெட் போடும் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. அவசரமாகக் கிளம்ப வேண்டிய வீடுகளில் இது நடக்காது என்று எனக்கும் தெரியும். அப்படிக் கிளம்பியவர்கள் ஒரு வருடம் முடிவதற்குள் ஒருமுறை திரும்பி வந்து, விண்ணப்பித்து, கைரேகையும் கொடுத்துவிட்டு மறுபடி போவதைப் பற்றி யோசிக்க வேண்டும். செலவுதான். ஆனால் இழந்த கார்டைத் திரும்பப் பெறுவதோடு ஒப்பிட்டால் சிறிய செலவு.

பெர்மிட்டை நீட்டிக்க முடியாது. முடிந்தால் மறுபடி அமெரிக்கா வந்து புதிதாகத்தான் வாங்க வேண்டும். கடைசி ஐந்து வருடத்தில் நான்கு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தவருக்கு அடுத்தது பொதுவாக ஒரு வருடத்துக்குத்தான் கிடைக்கும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி விண்ணப்பம், கைக்குழந்தையாக இருந்தாலும்.

கவுண்டரில் என்ன நடக்கும்?

பாஸ்போர்ட், கார்டு, கைரேகை எல்லாம் பார்த்துவிட்டு, “எத்தனை நாள் வெளியே இருந்தீர்கள்? ஏன்?” என்று கேட்பார்கள். அப்புறம் “எங்கே வசிக்கிறீர்கள்?” என்ற கேள்வி. வயதானவர்கள் இதற்கு ஊர் முகவரியைச் சொல்லிவிட்டு, “இங்கே பிள்ளையைப் பார்க்க வந்தேன்” என்று சேர்த்துவிடுகிறார்கள். பேச்சுவாக்கில் வரும் வார்த்தைதான். ஆனால் விருந்தாளியாக வந்திருப்பவர் சொல்லும் பதில் அது. உண்மையில் மகன் வீட்டில் வசிப்பவர் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்: “கலிபோர்னியாவில் மகனோடு இருக்கிறேன், சிகிச்சைக்காக ஊர் போயிருந்தேன், முடிந்தது, வீட்டுக்கு வந்திருக்கிறேன்.” பொய் சொல்லச் சொல்லவில்லை. அதிகாரியிடம் பொய் சொல்வது தனிக் குற்றம், அதன் விளைவு கார்டு போவதைவிட மோசமானது. இருக்கும் உண்மையைக் குழப்பமில்லாமல் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதுதான். மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அரைகுறையாகப் புரிந்துகொண்டு தலையாட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு கோப்பில் சில காகிதங்கள் இருந்தால் பேச்சு எளிதாகும். வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது அந்த முகவரிக்கு வந்த கடிதங்கள், கடைசி வரிக் கணக்கின் நகல், வங்கி அறிக்கை, ஓட்டுநர் உரிமம் அல்லது மாநில அடையாள அட்டை, எதற்காகப் போனீர்களோ அதற்கான சான்று. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, பத்திர நகல், இறப்புச் சான்றிதழ் என்று எது பொருந்துகிறதோ அது. கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். அபுதாபி வழியாக வருபவர்களுக்கு அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அங்கேயே, விமானம் ஏறுவதற்கு முன் முடிந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில நேரம் தனி அறைக்கு அழைத்துப்போய் ஐ-407 என்ற படிவத்தை நீட்டலாம். நிரந்தர வசிப்புரிமையை நானாகவே விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக்கொடுக்கும் படிவம் அது. நீண்ட விமானப் பயணத்தின் களைப்பில், எதிரே சீருடையில் ஒருவர் இருக்கும்போது, கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்கள் என்று தோன்றும். அது கட்டாயம் கிடையாது. விட்டுக்கொடுக்க உங்களுக்கு விருப்பமில்லை என்றால் கையெழுத்திட வேண்டாம். “குடியேற்ற நீதிபதி முன் என் தரப்பைச் சொல்ல விரும்புகிறேன்” என்று மரியாதையாகச் சொல்லலாம். அப்போது நீதிமன்றத்தில் ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுப்பார்கள். நீங்கள் வசிப்பைக் கைவிட்டீர்கள் என்று ஐயத்துக்கு இடமில்லாதபடி தெளிவான சான்றுகளோடு நிரூபிக்கும் பொறுப்பு அரசாங்கத்துக்கு உண்டு. நீதிமன்றம் இறுதியாகச் சொல்லும்வரை நீங்கள் நிரந்தர வசிப்பாளர்தான். இந்த ஒரு விஷயத்தைப் பெற்றோருக்குப் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தே அனுப்ப வேண்டும். தமிழில் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட் உறையில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

வரியும் வெளிநாட்டுக் கணக்கும்

ஊரில் ஒரு வருடம் இருந்தோமே, அமெரிக்காவில் சம்பாதிக்கவே இல்லையே, எதற்கு வரிக் கணக்கு என்று விட்டுவிடுகிறார்கள். கிரீன் கார்டு இருக்கும்வரை உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் அமெரிக்க வரித்துறைக்குக் கணக்கு காட்ட வேண்டியவர் நீங்கள். ஊர் வாடகை, வைப்புநிதி வட்டி, ஓய்வூதியம் எல்லாம் கணக்கில் வரும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் உள்ள மொத்தத் தொகை வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற தனி அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வரியைக் குறைக்கலாம் என்று “அமெரிக்காவில் வசிக்காதவர்” என்ற வகையில் கணக்கு தாக்கல் செய்தால், நான் இங்கே வசிக்கவில்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும். வசிப்பைக் கைவிட்டதற்கு வலுவான சான்றாக அதை எடுத்துக்கொள்ள முடியும்.

குடியுரிமைக் கனவு இருந்தால் கணக்கு வேறு. கார்டு தப்பித்துவிட்டால் குடியுரிமைக்கான காலமும் ஓடிக்கொண்டே இருக்கும் என்று நினைக்கக் கூடாது. பொதுவாக ஐந்து வருடத் தொடர் வசிப்பு வேண்டும், அதில் பாதி, அதாவது 30 மாதம், உடலளவில் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனை அல்லது குடிமகளை மணந்து சேர்ந்து வாழ்பவருக்கு மூன்று வருடம், 18 மாதம். ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால் தொடர்ச்சி அறுந்ததாக எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆனால் அறுந்தே போகும். ரீ-என்ட்ரி பெர்மிட் இருந்தாலும் இதில் சலுகை கிடையாது. ஆறு மாதக் கணக்கு உண்மையிலேயே கறாராக வேலை செய்யும் இடம் இதுதான். இங்கிருந்து கிளம்பிய பேச்சுதான் கார்டுக்கும் அதே விதி என்று பரவியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

குழந்தைகள் விஷயம் தனி. சிறுவர்களுக்குத் தனி எண்ணம் இருப்பதாகச் சட்டம் பார்ப்பதில்லை, அவர்களை வளர்க்கும் பெற்றோரின் எண்ணமே அவர்களுக்கும். கார்டு உள்ள குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் இரண்டு வருடம் விட்டுவைக்க நினைத்தால், பெற்றோர் அமெரிக்காவிலேயே இருந்தாலும், குழந்தைக்குப் பெர்மிட் வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும். இன்னொரு நல்ல செய்தி: கிரீன் கார்டு உள்ள தாய்க்குத் தற்காலிகப் பயணத்தின்போது வெளிநாட்டில் குழந்தை பிறந்தால், பிறந்த இரண்டு வருடத்துக்குள், தாய் முதல் முறை திரும்பும்போது உடன் அழைத்து வந்தால், குழந்தைக்குத் தனிக் குடியேற்ற விசா இல்லாமலே உள்ளே வர வழி இருக்கிறது. பிறப்புச் சான்றிதழும் குழந்தையின் பாஸ்போர்ட்டும் வேண்டும். இது தெரியாமல் குழந்தைக்குப் புது மனு போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பது வீண் வேதனை.

கார்டு வெளிநாட்டில் தொலைந்துபோனால், பயணம் ஒரு வருடத்துக்கு உட்பட்டதாக இருந்தால், தூதரகத்தில் ஐ-131ஏ படிவத்தில் விண்ணப்பித்து விமானம் ஏறுவதற்கான ஆவணம் வாங்கலாம். பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று, பெர்மிட்டுக்கான ஐ-131 வேறு.

சரி, ஏற்கெனவே ஒரு வருடம் தாண்டிவிட்டது, பெர்மிட்டும் இல்லை என்றால்? திரும்பும் வசிப்பாளருக்கான எஸ்பி-1 விசா என்று ஒன்று உண்டு. தூதரகத்தில் டிஎஸ்-117 படிவத்தோடு கேட்க வேண்டும். மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டியிருக்கும். கிளம்பும்போது நிரந்தர வசிப்பாளராக இருந்தீர்கள் என்பது. திரும்பும் எண்ணத்தோடுதான் கிளம்பினீர்கள், அந்த எண்ணம் மாறவே இல்லை என்பது. தங்கல் நீண்டது உங்கள் கையை மீறிய காரணத்தால் என்பது. கடுமையான நோய் இதற்குப் பொருந்தலாம். டிக்கெட் விலை கூடுதலாக இருந்தது, பேரன் கல்யாணம் வரை இருக்கலாம் என்று தோன்றியது என்பவை பொருந்தாது. அனுமதி கிடைத்தாலும் மருத்துவப் பரிசோதனை, குடியேற்ற விசாக் கட்டணம் எல்லாம் மறுபடி உண்டு. மறுத்துவிட்டால் 21 வயது நிறைந்த, அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளை பெற்றோருக்காகப் புதிதாக மனு போடுவது மிச்சமுள்ள வழிகளில் ஒன்று.

கடைசியாக, அந்த இரண்டாவது அம்மாவிடம் வருகிறேன். ஊரில் வீடு, உறவு, கோயில், தெரிந்த டாக்டர் எல்லாம் அங்கே. அமெரிக்காவில் குடியிருக்க அவருக்கு ஆசையே இல்லை, பேரனைப் பார்த்தால் போதும். அவருக்கு நான் சொல்வது, கார்டைத் தானாகவே ஐ-407 மூலம் முறைப்படி விட்டுக்கொடுத்துவிட்டு, சுற்றுலா விசா கேட்டு விண்ணப்பிப்பதைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள் என்பதுதான். விசா கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஆனால் கார்டை ஒழுங்காக ஒப்படைத்தவர் என்ற பதிவு அவருக்குச் சாதகமாகவே இருக்கும். கடைசி 15 வரி ஆண்டுகளில் எட்டு ஆண்டாவது கார்டு வைத்திருந்தவர் என்றால், படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் வரி ஆலோசகரைப் பார்க்க வேண்டும். சொத்து அதிகம் இருப்பவருக்கு வெளியேறும்போது தனி வரி வரக்கூடும். அப்படி விட்டுக்கொடுத்தபின் கிடைக்கும் விசாவில் அவர் வரும்போது, “யாரைப் பார்க்க வந்தீர்கள்?” என்று கேட்டால், “பேரனைப் பார்க்க வந்தேன்” என்று மனதில் இருப்பதை அப்படியே சொல்லலாம்.